மலைச் சேறும் இரு கடல்களும்

மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டுக்குக் கீழே விரியும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் ஆற்றுநீர் இயற்கையின் போக்கில் ஒரே கடலுக்கு உரியது. பெர்த்தாம், தெலோம் ஆகிய ஆறுகள் ஜெலாய் ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றை அடைந்து, தீபகற்பத்தின் மிக நீண்ட ஆறாகிய அதனோடு சேர்ந்து பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலக்க வேண்டியவை. 1960களின் முற்பகுதியில் இயங்கத் தொடங்கிய கேமரன் மலை நீர்மின் திட்டம் அந்தப் போக்கை மாற்றியது. தெலோமின் நீரைச் சுரங்கவழியே பெர்த்தாமுக்குத் திருப்பி, சுல்தான் அபு பக்கார் அணையால் உருவான ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்த்து, அங்கிருந்து மலையைக் குடைந்து மேற்கே உள்ள ஜோர் மின்நிலையத்துக்கு இறக்கியதால், அந்த நீர் பாத்தாங் பாடாங் ஆற்றில் விழுந்து, பேராக் ஆற்றுப் படுகையைக் கடந்து, மலாக்கா நீரிணையை அடைகிறது. தேயிலைச் சரிவுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் பெய்யும் மழை இன்று இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகிறது.

நீரோடு மண்ணும் போகிறது. காட்டின் வேர்ப்பிடிப்பில் நின்ற மண், சரிவுகள் வெட்டித் திறக்கப்பட்ட இடங்களில் கனமழைக்குக் கரைந்து ஆற்றில் இறங்குவதால், 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு கொண்டதாகக் கட்டப்பட்ட ரிங்லெட் நீர்த்தேக்கம், அதை வடிவமைத்த பொறியாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் தூர்ந்து வருகிறது. 2013 அக்டோபர் 23 அன்று, கனமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாமில் ஆறு கரைபுரண்டு, சேறு வீடுகளுக்குள் புகுந்து, உயிர்களைக் கொண்டுபோனது. பெய்த மழை, அணையின் நீர்மட்டம், சரிவுகளின் நிலை, ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் இடம் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு அலுவலகங்களின் ஏடுகளில் இருக்கும் தரவுகள். பள்ளத்தாக்கில் இறங்கியபோதோ அவை நான்கும் ஒரே சேறாகத்தான் இறங்கின.

இந்த நீரின் பயணத்தை அளப்பவர்கள் குறைவானவர்கள் அல்லர். ஆற்றின் மட்டத்தையும் மழையையும் வடிகால் நீர்ப்பாசனத் துறை அளக்கிறது. நீர்த்தேக்கத்தை மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் கண்காணிக்கிறது. ஆற்றுநீரில் கரைந்துள்ள உயிர்வளி, தொங்கும் வண்டல், அம்மோனியா நைட்ரஜன் முதலிய ஆறு அளவைகளைச் சேர்த்துச் சுற்றுச்சூழல் துறை நீர்த் தரக் குறியீடு கணிக்கிறது. கடற்கரைக்கு வந்துவிட்டால் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் மட்டத்தின், பதிவு நில அளவை வரைபடத் துறையின் பொறுப்பு. காற்றும் அலையும் வானிலை ஆய்வுத் துறைக்கு. பிடிபட்ட மீனின் கணக்கு மீன்வளத் துறைக்கு. கடலின் நிறமும் வெப்பமும் விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு. ஒவ்வொரு அமைப்பும் தன் வேலைக்கு ஏற்ற அலகில், தன் வேலைக்கு ஏற்ற கால இடைவெளியில், தன் கணினிக்கு ஏற்ற வடிவத்தில் எண்களைச் சேமிக்கிறது. இவ்வாறு வேறுபட்ட மூலங்களிலிருந்து வரும் எண்களை, ஒன்றோடொன்று ஒப்பிடவும் ஒரே கேள்விக்குச் சேர்ந்து விடை தரவும் இயலும் நிலைக்குக் கொண்டுவருவதே தரவு ஒருங்கிணைப்பு எனப்படுகிறது. கடலியலில் இது கடந்த அறுபது ஆண்டுகளாகத் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

எண்ணை எண்ணோடு சேர்ப்பதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். ஓர் ஏட்டில் 28.4 என்று மட்டும் எழுதியிருந்தால் அது கடலின் வெப்பநிலையாகவும் இருக்கலாம், முகத்துவாரத்து நீரின் உவர்ப்பாகவும் இருக்கலாம், ஒரு நாள் மழையாகவும் இருக்கலாம். எதை, எந்த அலகில், எங்கே, எப்போது, எந்தக் கருவியால், யார் அளந்தார் என்ற விவரங்கள் கூடவே இருந்தால்தான் அது தரவு. எண்ணைப் பற்றிய இந்த விவரங்களை மேல்தரவு என்பர். மேல்தரவு தொலைந்த எண்ணை எவ்வளவு திறமையான கணினியாலும் மீட்க முடியாது.

இவற்றுள் மிக எளிதாகத் தோன்றும் 'எப்போது' என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முந்தியிருந்த தீபகற்பம், அன்று முதல் எட்டு மணி நேரம் முந்தியது. ஆகவே 1981இல் காலை எட்டு மணி என்று ஏட்டில் எழுதப்பட்ட நேரமும் 1982இல் காலை எட்டு மணி என்று எழுதப்பட்ட நேரமும் சூரியனின் கணக்கில் ஒரே நேரம் அல்ல. நாள்மழைக்கு இந்த அரை மணி பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால், நிலவின் ஈர்ப்பால் எழும் முதன்மை ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் தொடுவது. அதன் நீண்டகாலப் பதிவில் அரை மணி பிசகினால் கணிப்பு முழுவதும் பிசகும். செங்குத்தான மலை ஓடைகளில் வெள்ளம் நிமிடக்கணக்கில் ஏறுவதால், மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையிலான காலத்தைக் கணிக்க முயல்பவருக்கும் அதே கதிதான். தோட்டங்களில் எழுத்தரான கிராணி காலையில் மழைமானியைப் பார்த்து எழுதும் அளவு பெரும்பகுதியும் முதல் நாள் பெய்த மழையினுடையது என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டால், தேதி என்ற ஒரே கட்டத்துக்குள் எத்தனை விளக்கம் அடங்கியிருக்க வேண்டும் என்பது புலப்படும்.

உயரமும் அப்படியே. பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது என்று சொல்லும்போது, அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. அந்தக் கடல்மட்டம் எது என்று கேட்டால், கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பதிவான ஓதங்களின் சராசரி மட்டம். தீபகற்பத்தின் தேசிய உயர அடிப்படை அதிலிருந்தே வகுக்கப்பட்டது. மலையின் உயரமே ஒரு கடல் தரவு. ஆனால், மாலுமிகளின் வரைபடத்தில் ஆழம் இந்தச் சுழியத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. நீர் மிகத் தாழும் ஓதமட்டத்தையே அங்கே சுழியமாகக் கொள்கின்றனர், கப்பல் தரைதட்டாமல் இருக்க அதுவே பாதுகாப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பகாங் ஆறு பெருகி, அதே வேளையில் கடலும் உயர்ந்திருந்தால், பெக்கானில் வெள்ளம் வடிய வழியில்லாமல் தேங்கும்; அந்த வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்ல ஆற்றுமட்டமும் ஓதமட்டமும் ஒரே கணக்கில் வர வேண்டும். வெவ்வேறு சுழியங்களிலிருந்து எண்ணப்பட்ட இரு மட்டங்களை அப்படியே கழித்துப் பார்ப்பவரின் கணக்கில், ஒரு வீட்டின் வாசற்படியைவிடப் பெரிய பிழை நுழைந்துவிடும்.

இத்தகைய பிழைகள் உலக அளவில் என்ன செய்யும் என்பதற்குக் கடல் மேற்பரப்பு வெப்பநிலையின் வரலாறு சிறந்த சான்று. கப்பல்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடல்நீரின் வெப்பத்தை அளந்து வருகின்றன. ஒரு காலத்தில் மாலுமிகள் துணி வாளியைக் கயிற்றில் இறக்கி, நீரை மேலே இழுத்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தனர். ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாவதால் வாளிநீர் மேலே வருவதற்குள் சற்றுக் குளிர்ந்துவிடும். பிற்காலக் கப்பல்கள் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரிலேயே வெப்பத்தை அளந்தன; இயந்திர அறையின் சூட்டால் அது சற்று மிகுதியாகக் காட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிடைத்த அளவீடுகளில் பெரும்பாலானவை இயந்திர நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களுடையவை. போர் முடிந்ததும் வாளியைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு திடீரென உயர்ந்தது. விளைவாக, 1945இன் பிற்பகுதியில் உலகக் கடல்கள் ஏறத்தாழ 0.3 டிகிரி குளிர்ந்துவிட்டதாக ஆவணங்கள் காட்டின. கடலில் ஒன்றும் நடக்கவில்லை, அளந்த கைகள்தான் மாறியிருந்தன என்பதை 2008இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவியது.

அதே இதழில் 2019இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமான பிழையைக் கண்டது. ஜப்பானியக் கப்பல்களின் பதிவுகள் கோபே நகரில் தொகுக்கப்பட்டிருந்தன. 1930களின் அந்தப் பதிவுகளைப் பின்னாளில் அமெரிக்கர்கள் துளையட்டைகளுக்கு மாற்றியபோது, புள்ளிக்குப் பின் வந்த இலக்கம் சேர்க்கப்படாமல் விடப்பட்டது. 18.7 என்பது 18 ஆகிவிட்டால் 0.7 டிகிரி காணாமல் போகிறது. ஆயிரக்கணக்கான பதிவுகளில் இவ்வாறு நேர்ந்ததால் வடபசிபிக் கடலின் ஒரு பெரும்பரப்பு உண்மையில் இருந்ததைவிட ஏறத்தாழ 0.35 டிகிரி குளிராகக் காட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அட்லாண்டிக் வேகமாகவும் வடபசிபிக் மெதுவாகவும் வெப்பமடைந்ததாகக் கருதப்பட்ட புதிரின் ஒரு பகுதி, பிழை திருத்தப்பட்டதும் கரைந்துபோனது. புதிய கருவி எதுவும் கடலில் இறக்கப்படவில்லை. பழைய அட்டைகள் எப்படிப் படியெடுக்கப்பட்டன என்று பொறுமையாகத் தேடியதே அந்தக் கண்டுபிடிப்பு. தரவைப் பேணுவோரின் உழைப்பு அறிவியலின் துணைவேலை என்று கருதுவோர் இந்த இரு ஆய்வுகளையும் படிக்க வேண்டும்.

முதலிலிருந்தே சரியாகத் திட்டமிடப்பட்ட கூட்டமைப்பு எப்படி இயங்கும் என்பதற்கு ஆர்கோ திட்டம் எடுத்துக்காட்டு. 1999இல் தொடங்கிய இத்திட்டத்தின் மிதவை, ஏறத்தாழ ஓர் ஆள் உயரமுள்ள உருளை. அது 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஒன்பது நாள் அளவுக்கு நீரோட்டத்தோடு நகர்ந்து, பின் 2,000 மீட்டருக்குத் தாழ்ந்து, மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்து, மேற்பரப்பில் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். இன்று உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இவ்வாறு இயங்குகின்றன. இந்தியப் பெருங்கடலின் வட்டாரத் தரவு மையமாக, 1999இல் தோற்றுவிக்கப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவைகள் மையம் ஐதராபாத்திலிருந்து பணியாற்றுகிறது. எந்த நாட்டின் மிதவையானாலும் அதற்கு உலக அளவில் ஒரே ஓர் அடையாள எண். நாள் என்பது எங்கும் 1950 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் உலகப் பொது நேர நாள். ஆழத்தை மீட்டரில் எழுதாமல் கருவி உண்மையில் உணரும் நீரழுத்தத்தையே எழுத வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஒரு தரக்குறி நிற்கும்: 1 என்றால் நல்லது, 2 என்றால் பெரும்பாலும் நல்லது, 3 என்றால் பெரும்பாலும் கெட்டது, 4 என்றால் கெட்டது, 9 என்றால் அளவு இல்லை. ஒரு நாளுக்குள் தானியங்கிச் சோதனையோடு எல்லோருக்கும் கிடைக்கும் அதே அளவுகளை, ஏறத்தாழ ஓராண்டு கழித்து வல்லுநர்கள் மீண்டும் ஆராய்ந்து, உணரி வழுவியிருந்தால் திருத்திய மதிப்பைத் தனியாகச் சேர்க்கின்றனர். முதல் மதிப்பு அழிக்கப்படுவதில்லை. கெட்ட எண்ணையும் எறியாமல், கெட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கமே அத்திட்டத்தின் உயர்ந்த பண்பு என்று சொல்லத் தோன்றுகிறது. கோபே அட்டைகளுக்கு அந்தப் பண்பு வாய்த்திருந்தால் அரை நூற்றாண்டுக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால், லெம்பா பெர்த்தாமின் நீர் போய்ச் சேரும் கடல்களுக்கு ஆர்கோவால் பெரிதாக உதவ முடியாது. பகாங் கரையை ஒட்டிய தென்சீனக் கடல் சுண்டா கண்டத்திட்டின் மேல் கிடப்பதால் நூறு மீட்டர் ஆழம்கூட அங்கே இல்லை. மலாக்கா நீரிணையின் தென்பகுதி பெரும்பாலும் 40 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 2,000 மீட்டர் மூழ்கப் பிறந்த மிதவை அங்கே தரைதட்டும். எனவே இந்த ஆழங்குறைந்த கடல்களைப் பற்றிய அறிவு கரையோர நிலையங்களையும், ஆய்வுக் கப்பல்களின் அவ்வப்போதைய பயணங்களையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செயற்கைக்கோள்களையும் நம்பியிருக்கிறது.

செயற்கைக்கோளின் பார்வையில்தான் மலைச்சேறு கடலியலுக்குள் நுழைகிறது. 2002இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் அக்குவாவும், 2022 நவம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் ஓஷன்சாட்-3உம் கடலின் நிறத்தை அளப்பவை. கடலில் மிதக்கும் நுண்தாவரங்களின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புவதால், திரும்பி வரும் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பச்சையத்தின் செறிவைக் கணிக்கலாம். பச்சையம் மிகுந்த இடத்தில் மீன் கூடும் என்பதால், மேற்பரப்பு வெப்பத்தோடு இதையும் சேர்த்து மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைத் தமிழக மீனவர்களுக்கு ஐதராபாத் மையம் அறிவிக்கிறது. நிறத்தை மாற்றுவது பச்சையம் மட்டுமே என்ற நிபந்தனை ஆழ்கடலில் பெரும்பாலும் உண்மை. ஆற்று முகத்துவாரத்தில் அது உடைந்துவிடுகிறது. தொங்கும் வண்டலும், மட்கிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும் பழுப்புநிறப் பொருளும் அதே ஒளியில் கைவைப்பதால், சேற்றைப் பச்சையம் என்று கணிப்புமுறை எண்ணிக்கொண்டு, உயிர் செழித்திருப்பதாகக் காட்டும். கனமழைக்குப் பின் முகத்துவாரத்தில் விரியும் கலங்கல், படத்தில் வளம் மிகுந்த மீன்பிடிப் பரப்பாகத் தோன்றக்கூடும்.

இந்தப் பிழையைக் கடலுக்குள் நின்றுகொண்டு முழுமையாகத் திருத்த முடியாது. அன்று ஆறு எவ்வளவு வண்டலைக் கொண்டுவந்தது, அது களிமண்ணா மணலா, மேலே எங்கே மழை பெய்தது, அணை திறந்திருந்ததா என்ற விடைகள் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கின்றன. ரிங்லெட் நீர்த்தேக்கம் பருமணலையும் பெருமளவு வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்வதும், மிக நுண்ணிய துகள்களே எளிதில் தப்பிக் கீழே போவதும், மேற்கே திருப்பப்பட்ட நீர் கிழக்கு ஆற்றின் கலங்கலையும் மேற்கு ஆற்றின் கலங்கலையும் ஒருசேர மாற்றுவதும், கடலில் தெரியும் நிறத்தின் பின்னணிக் காரணங்கள். பகாங் முகத்துவாரத்துச் சேற்றில் கேமரன் மலையின் பங்கு எவ்வளவு, இடையில் வெட்டப்பட்ட காடுகளின் பங்கு எவ்வளவு, ஆற்றுமணல் எடுப்பின் பங்கு எவ்வளவு என்று எந்த ஒரு துறையாலும் தனித்துச் சொல்ல முடியாது. கடல் தரவு முகத்துவாரத்தில் தொடங்குவதாக எண்ணும் வரை அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப்போவதில்லை. அது மலையிலிருந்தே தொடங்குகிறது.

உயிரினத் தரவின் சிக்கல் வேறு வகையானது, அதற்குத் தீர்வும் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. மலேசியச் சந்தையில் கெம்போங், தமிழகக் கரையில் கானாங்கெளுத்தி, கேரளத்தில் அயில, கர்நாடகத்தில் பங்குடே என்று விற்கப்படும் மீன்களின் பிடிப்புக் கணக்கைச் சேர்க்க வேண்டுமானால், எல்லாம் ஒரே இனமா என்று முதலில் தெரிய வேண்டும். கெம்போங் என்ற பெயருக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. உலகக் கடல் உயிரினப் பதிவேடு ஒவ்வோர் அறிவியல் பெயருக்கும் நிலையான எண் வழங்கி, பெயர் மாறினால் பழைய பெயரின் எண்ணை இப்போது ஏற்கப்பட்ட பெயரின் எண்ணோடு இணைத்துவைப்பதால், நாட்டுக்கு நாடு வேறுபடும் கணக்குகள் அந்த எண்களின் வழியே இணைகின்றன.

எண்களும் வடிவங்களும் ஒத்துப்போனாலும் பகிர மனமில்லாவிட்டால் பயனில்லை என்பதை இந்தியப் பெருங்கடல் மிகக் கொடிய முறையில் கற்றது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைந்தது. கடல்மட்டத்தை அளக்கும் கருவிகள் சில துறைமுகங்களில் இருந்தன. ஆனால் அவற்றின் அளவுகளை உடனுக்குடன் ஒன்றுசேர்த்து எச்சரிக்கும் அமைப்பு இந்தப் பெருங்கடலுக்கு இருக்கவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேரும், மலேசியாவில், பெரும்பாலும் பினாங்கில், 68 பேரும் இறந்தனர். இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தில் இயங்கத் தொடங்கியது. நிலநடுக்க அளவிகள், கடலடி அழுத்த அளவிகள், பல நாடுகளின் கடல்மட்ட நிலையங்கள் ஆகியவற்றின் அளவுகள் அங்கே நிமிடங்களில் ஒன்றுசேர்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை சில நிமிடங்களில் வெளிவந்தது. கடல்மட்ட அளவுகள் பேரலை எழவில்லை என்று காட்டியதும் அது திரும்பப் பெறப்பட்டது. பொய்யான அச்சத்தை உரிய நேரத்தில் நீக்குவதும் பகிர்ந்த தரவால் மட்டுமே இயலும்.

யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையேயான கடலியல் ஆணையம் 1961லேயே கடலியல் தரவுப் பரிமாற்றத்துக்கான திட்டத்தைத் தொடங்கிவிட்டது. தொடக்கத்தில் எல்லாத் தரவையும் ஒரு சில உலக மையங்களில் குவிப்பதே வழியாகக் கருதப்பட்டது; இன்று அந்த எண்ணம் மாறியிருக்கிறது. தரவு அதை உருவாக்கிய நிறுவனத்திடமே இருக்கட்டும், தன்னிடம் என்ன இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட ஒரே அமைப்பில், கணினி படிக்கும் வண்ணம் வெளியிடட்டும், தேடுபவரின் மென்பொருள் அந்த விவரங்களைத் திரட்டிக்கொள்ளட்டும் என்பதே அந்த ஆணையம் இப்போது வளர்த்துவரும் கடல்சார் தரவு, தகவல் அமைப்பின் அடிப்படை. உரிமையை விட்டுக்கொடுக்கத் தயங்கும் துறைகளுக்கும் இது ஏற்ற வழி. நீர்த்தேக்கத் தரவையும் ஆற்றுத் தரவையும் கடல் அட்டவணையோடு இணைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் மிச்சமில்லை.

அதே ஆணையத்தின் கீழ் 1993இல் தொடங்கிய தரவு மீட்புத் திட்டம், உலகெங்கும் அலமாரிகளில் காகிதமாகக் கிடந்த கப்பற்பதிவுகளைத் தேடிப் படியெடுத்து, லட்சக்கணக்கான பழைய கடல் வெப்பநிலை அளவுகளை அறிவியலுக்கு மீட்டுத் தந்தது. ஆற்றின் மேற்பகுதிக்கும் அத்தகைய மீட்பு தேவை. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் கிராணிகள் நாள்தோறும் அங்குலக் கணக்கில் எழுதிவைத்த மழை ஏடுகள் எந்த ஆப்பீஸ் அலமாரியிலாவது, எந்தக் குடும்பத்தின் பெட்டியிலாவது எஞ்சியிருந்தால், அவற்றை எறிந்துவிடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, தோட்டத்தின் பெயர், மழைமானி நின்ற இடம், அளவு எடுத்த நேரம், அலகு ஆகியவற்றோடு வானிலை ஆய்வுத் துறைக்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஒப்படைக்க வேண்டும். எண்களைத் திருத்தவோ மில்லிமீட்டருக்கு மாற்றவோ வேண்டாம், எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.